ஜிப் வாய் வைத்த நாய்கள்

ஆகஸ்ட் 4, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒரு சத்தியம் செய். இதை நீ யாருக்கும் காட்டக் கூடாது. உன் விடுதி அறையில் இருக்கும் அந்த வாயாடித் தோழிக்கும் கூடத்தான். படித்ததும் கிழித்துவிடு, ஆனால் நனைத்துக் கிழி. படத்துக்காகக் காகிதம் கிழித்துக் கிழித்து எனக்குப் பழகிவிட்டது. காய்ந்த காகிதத்தை எத்தனை துண்டாக்கினாலும் திரும்பச் சேர்த்து ஒட்டிவிடலாம்.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போன் அம்மாவின் இடுப்பிலேயே இருக்கிறது. நான் "ஹலோ" என்றால் அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். அதனால்தான் கடிதம். பதிலை நம் வீட்டுக்கு அனுப்பாதே. நெட்டையின் வீட்டு முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன். என் வகுப்பில் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் என்னை இன்னும் "லொள்ளு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாய் பிடிக்கிறவர் மகளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் ஓவியக் கண்காட்சி வைக்கிறார்கள். தலைப்பு, விலங்குகள். வண்ணம் மட்டும் போதாது, வேறு பொருட்களையும் சேர்க்க வேண்டும். அச்சு அசலாக வரையக் கூடாது, அந்த விலங்கின் குணம் தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. எல்லாரும் பஞ்சு ஒட்டி முயல் செய்கிறார்கள். நான் நாய்களைப் போடுகிறேன். ஒரு கூட்டமே ஓடுகிறது, எதிலிருந்து என்று படத்தில் இல்லை. உடம்புக்குச் சாக்கு. முதுகெலும்புக்கு வளைத்த கம்பி. கால்களை வரையவே இல்லை, கரித்துண்டைப் படுக்க வைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன், அதுவே ஓடுகிறது. கண்ணுக்கு அப்பாவின் பழைய காக்கிச் சட்டையிலிருந்து பொத்தான் ஓட்டைகளை வெட்டி ஒட்டினேன். பொத்தான் இல்லை அக்கா, ஓட்டை மட்டும். அது பார்க்கிறதா, பயந்து மூடிக்கொண்டதா என்று சொல்ல முடியாது. வாய்க்கு அறுந்த ஜிப். பாதி திறந்து வைத்தால் உறுமுகிறது, முழுக்கத் திறந்தால் அழுகிறது. டிராயிங் டீச்சர் பார்த்துவிட்டு, "இது நாயா, தையல்காரர் வீட்டுக் குப்பைத்தொட்டியா?" என்றார்கள். ஜிப்பை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார்கள். பிறகு, "எனக்கே ஓடணும் போல இருக்கு. அப்ப சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கழுத்துகள் மட்டும் வெறுமையாக இருந்தன, அதை முடிக்கத்தான் படத்தை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். என்ன வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். போன வாரம் அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய நாய் வண்டியில் ஏறித் துழாவினேன். இருக்கைக்கு அடியில் ஒரு பை. அதில் நாய்களின் கழுத்துப்பட்டைகள். எல்லாம் அறுபட்டவை. தோல், நைலான், துணி, வியர்வையும் அழுக்கும் ஊறி ஒவ்வொன்றும் ஒரு நிறம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு நல்ல பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது. அள்ளிக்கொண்டு வந்து செருப்புக்கடைப் பசை போட்டு அழுத்தி ஒட்டிவிட்டேன்.

ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் அந்தப் பச்சைப் பட்டையின் கொக்கியில் சிவப்பு நகப்பூச்சு தெரிந்தது. அந்த நகப்பூச்சை அடித்தவள் நெட்டை. நான் பக்கத்தில் உட்கார்ந்து புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது அவளுடைய நாய் மேஜர் போட்டிருந்த பட்டை. மேஜர் காணாமல் போய் அவள் தெருத் தெருவாகச் சுவரொட்டி ஒட்டினாளே, அதற்கும் நான்தான் பசை காய்ச்சிக் கொடுத்தேன்.

சந்தையில் அந்தக் குழந்தையை நாய் கடித்ததிலிருந்து, தெருவில் நிற்கிற எந்த நாயையும் பட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடித்து நகராட்சிக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவு. அங்கே ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். அது அப்பாவின் வேலை, எனக்குத் தெரியும். ஆனால் நெட்டையின் அப்பா கொட்டகைக்கே போய்ப் பார்த்தார். மேஜர் அங்கே வரவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் அப்பா அதை என்ன செய்தார்? பட்டையை ஏன் அறுத்து ஒளித்து வைத்திருக்கிறார்? யாருக்காவது விற்கிறாரா? வழியிலேயே தானே முடித்துவிடுகிறாரா? இரவில் அப்பா கை கழுவுகிற சத்தம் கேட்டால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்கிறேன்.

படம் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது.

பயந்துபோன உன்
சுண்டு


ஆகஸ்ட் 9

என் சுண்டுக் கண்ணுக்கு,

அக்காவின் முத்தங்கள். சளி விட்டதா? இங்கே நர்ஸ் பயிற்சியில் எனக்கு வார்டு மாற்றிவிட்டார்கள். தலைமை நர்ஸுக்கு என் நடை பிடிக்கவில்லையாம், "டக்கு டக்குன்னு குதிரை மாதிரி வராதே" என்கிறாள். செருப்பை மாற்றினேன். இப்போது "பூனை மாதிரி வந்து பயமுறுத்தறே" என்கிறாள். உன் படத்தில் சேர்த்துக்கொள், குதிரைக்கும் பூனைக்கும் பிறந்த ஒன்று.

உன் படத்தைப் பற்றிப் படித்தபோது பெருமையாக இருந்தது. ஆனால் கண்ணு, அக்கா சொல்வதைக் கேள். அந்தப் பட்டைகளை எடுத்துவிடு. கழுத்துக்குக் கயிறு சுற்று, துணி சுற்று, உனக்கா வழி தெரியாது? முக்கியமாக அந்த மணி வைத்த பச்சைப் பட்டையை இன்றே எடுத்துவிடு. பையில் திரும்ப வைக்காதே. மண்ணைத் தோண்டிப் புதைத்துவிடு.

அப்பாவிடம் ஒன்றும் கேட்காதே. அம்மாவிடமும் கேட்காதே. நெட்டையிடம் மூச்சு விடாதே. அப்பா நல்லவர், அது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும். மற்றதை நேரில் வரும்போது பேசிக்கொள்ளலாம். நன்றாகச் சாப்பிடு. கரித்துண்டு பிடித்த கையோடு கண்ணைக் கசக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அக்கா


ஆகஸ்ட் 14, இரவு

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. உறையின் ஒரு ஓரம் ஒட்டுப் பிரிந்திருந்தது. நெட்டை கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "என்னடி, பிரிஞ்சிருக்கு?" என்றேன். "தபால்காரர் கைல வேர்வை" என்றாள். வேர்வையில் பிரிந்தால் காகிதம் சுருங்கும். இது சுருங்கவில்லை. பசையைப் பற்றி என்னிடமா கதை விடுகிறாள்? அவள் படித்தாளா, இல்லையா? படித்திருந்தால் "பச்சைப் பட்டை" என்ற இடத்தில் நின்றிருப்பாள். வகுப்பில் அவள் தும்மினாலும் எனக்குத் தூக்கிப்போடுகிறது.

ஆனால் அவளை விடு. உன்னைத்தான் நான் இப்போது கேட்க வேண்டும். நான் எழுதிய கடிதத்தில் மணி என்ற சொல்லே இல்லை. பச்சை என்று எழுதினேன், கொக்கி என்று எழுதினேன், நகப்பூச்சு என்று எழுதினேன். மணி இருப்பது உனக்கு எப்படித் தெரியும்? நீ ஊருக்குப் போன பிறகுதான் மேஜரை அவர்கள் வாங்கினார்கள். நீ அதைப் பார்த்ததே இல்லை. அப்படியென்றால் யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்த யாரோ. இந்த வீட்டில் என் கட்டிலுக்கு அடியில் குனியக்கூடியவர்கள் இரண்டு பேர்தான். அம்மாவுக்கு முட்டி மடங்காது.

அப்பாவிடம் என் கடிதத்தைப் படித்துக் காட்டினாயா அக்கா? சத்தியம் செய்யச் சொன்னேனே. நீ பதிலில் சத்தியம் என்று ஒரு வார்த்தை கூட எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

இன்னும் கேள். செவ்வாய்க்கிழமை அப்பாவின் ஆபீசர் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"என்னப்பா, வண்டில ஏத்தறது ஒரு கணக்கு, கொட்டகைல இறக்கறது ஒரு கணக்கா இருக்கே?"

"வழியில ஒண்ணு ரெண்டு செத்துப்போயிடுது சார். வெயில்."

"செத்தா உடம்பு எங்க? சரி, உடம்பை விடு. கழுத்துப்பட்டையாவது கொண்டாந்து ஒப்படைக்கணுமில்ல?"

"நம்ம ஊர் நாய்க்குப் பட்டை போட்டுக்கற வசதி எல்லாம் ஏது சார்? எனக்கே பெல்ட் இல்ல, பாருங்க" என்று அப்பா சட்டையைத் தூக்கி இடுப்பில் கட்டிய கயிற்றைக் காட்டினார்.

ஆபீசர் சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது. என் படத்தின் ஜிப் வாய் அந்த வாயை விட யோக்கியம். போகும்போது, "ஒரு பட்டை என் கண்ணுல பட்டாப் போதும், உன் வேலை அன்னியோட சரி. கேஸும் போடுவேன்" என்றார்.

அப்பா எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறார் அக்கா! கண்ணை இமைக்கவே இல்லை. அதற்குப் பிறகு என்னைப் பார்த்து, "படிக்கலையா?" என்று சாதாரணமாகக் கேட்டார். நம்மிடமும் இப்படித்தான் இவ்வளவு நாளும் பேசிக்கொண்டிருந்தாரா?

கடைசியாக ஒன்று. இதைப் படித்தால் நீ தலையில் கை வைப்பாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே படம் பள்ளிக்குப் போய்விட்டது. டீச்சர் இரண்டு பையன்களை வீட்டுக்கு அனுப்பித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது அப்பா வாசலில்தான் நின்றார். அவர் கதவை அகலமாகத் திறந்து பிடித்தார், மூலை இடித்துவிடக் கூடாது என்று. என் படத்தை நடுச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். இருபத்து நான்காம் தேதி கண்காட்சியைத் திறந்து வைக்க வருகிற சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? அந்த ஆபீசர்தான்.

அப்பா கெட்டவர் என்றால் படம் அங்கேயே இருக்கட்டும், நெட்டை பார்க்கட்டும், ஊரே பார்க்கட்டும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. அடுத்த நேரம் அப்பாவின் இடுப்புக் கயிறு ஞாபகம் வருகிறது. எனக்கு உண்மை வேண்டும். "நல்லவர்" என்ற சொல் வேண்டாம்.

பதிலுக்குக் காத்திருக்கும்
சுண்டு

பின்குறிப்பு: இந்த முறை பதிலைப் பள்ளி முகவரிக்கு, டீச்சர் பெயருக்கு அனுப்பு. உறையை நூலால் தைத்து அனுப்பு.


ஆகஸ்ட் 18

சுண்டு,

தைத்துத்தான் அனுப்புகிறேன். வார்டில் காயத்துக்குத் தையல் போடும் நூல். யாராவது பிரித்திருந்தால் உனக்குத் தெரிந்துவிடும்.

உன் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. உன் மேல் ஆணை. உன் கடிதம் வந்த மறுநாள் அப்பா விடுதிக்குப் போன் செய்தார். அவராகத்தான் செய்தார். நீ பள்ளிக்குப் போயிருந்தபோது அறையில் பசை நாற்றம் அடிக்கிறதே என்று கட்டிலுக்கு அடியில் குனிந்திருக்கிறார். அரை மணி நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாராம். அந்த மணியை விரலால் தட்டிப் பார்த்தாராம். உள்ளே பசை போய் அது ஒலிக்கவில்லையாம்.

நான் பதறிப்போய், "எடுத்துடச் சொல்லுங்கப்பா, வேலை போயிடும்" என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வாயைத் திறந்து எப்படிம்மா எடுக்கச் சொல்றது? என் நாய்ங்க எல்லாம் அதுல ஓடுது. வலையைப் பார்த்ததும் முதுகு இப்படித்தான் வளையும். அவ ஒரு நாள் கூட வண்டில வந்ததில்ல, எப்படிப் போட்டா? நீ ஏதும் சொல்லிடாதே. புள்ள கை கூசிடும்." அதனால்தான் பூசி மெழுகி எழுதினேன். எழுதும்போது மணி என் கையிலிருந்து நழுவிவிட்டது. உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை, பார்த்தாயா.

இனி உண்மை. நான் இங்கே வருவதற்கு முந்தின வருடம் ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டு அப்பாவின் வண்டியில் ஏறினேன். அவர் கொட்டகைப் பக்கம் திரும்பாமல் அணையைத் தாண்டிப் பழைய மரக்கிடங்குக்குப் போனார். அங்கே வண்டிக் கதவைத் திறந்து நாய்களை வெளியே விட்டார். எல்லாவற்றையும் அல்ல, சந்தேகம் வராத அளவுக்குச் சிலவற்றை. நோய் இல்லாதவற்றை. கிடங்குக் காவலாளி சாப்பாடு வைக்கிறார். பட்டையோடு விட்டால் யாராவது பார்த்து, "இது இன்னார் வீட்டு நாயாச்சே, பிடிச்சதாத்தானே எழுதியிருக்கு" என்று கேட்டுவிடுவார்கள். அதனால் அறுத்துவிடுகிறார். தூக்கி எறிந்தாலும் யாராவது எடுப்பார்கள் என்று சேர்த்து வைக்கிறார். எரிக்க மனமில்லையாம். மேஜர் உயிரோடு இருக்கிறது. கிடங்குக் கோழியைத் துரத்துகிறதாம்.

சுண்டு, அந்தப் படம் அந்த ஆபீசர் கண்ணில் பட்டால் அப்பா மட்டுமல்ல, மரக்கிடங்கு நாய்களும் போய்விடும். எப்படியாவது பட்டைகளை எடு. என்னை நம்பு.

உன்
அக்கா


ஆகஸ்ட் 23, வெள்ளி இரவு

அக்காவுக்கு,

இதையும் யாருக்கும் காட்டாதே. உன் கடிதம் இன்று மதியம்தான் கைக்கு வந்தது. நூல் பிரியவில்லை. டீச்சரிடம், "டீச்சர், படத்துல பசை விட்டுடுச்சு, வீட்ல ஒட்டிக் காலைல கொண்டாந்துடறேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "நான் பார்த்தப்ப நல்லாத்தானே ஒட்டியிருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பிறகு அவர்களே இறக்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் ஏதோ தெரியுமோ? இப்போது எனக்கு யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் தோன்றுகிறது.

படம் எதிரில் சுவரில் சாய்ந்திருக்கிறது. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. எனக்குப் பிடித்த மாதிரியே எழுதியிருக்கிறாய். மேஜர் கோழி துரத்துகிறது என்பது வரைக்கும். அப்பா சொல்லச் சொல்ல நீ எழுதியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். ஆபீசர் முன்னால் இமைக்காமல் பொய் சொன்னவர் உன்னிடம் மட்டும் சொல்ல மாட்டாரா? நீ பார்த்தது ஒரே ஒரு நாள். மற்ற நாட்களில் அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று உனக்கும் தெரியாது.

அதனால் முதலில் ஒரே ஒரு பட்டையைத்தான் உரித்தேன். கெட்டியான தோல்பட்டை. டர்பன்டைன் தொட்டுத் தொட்டு, கத்தி நுனியை அடியில் விட்டு மெதுவாக. கையில் வந்ததும் அறுபட்ட ஓரத்தைப் பார்த்தேன். ஒட்டும்போது நான் அதைப் பார்க்கவே இல்லை. நிறத்தை மட்டும் பார்த்தேன்.

பிசிறு எல்லாம் வெளிப்பக்கம் இருந்தது.

உனக்குப் புரியாது, சொல்கிறேன். எதை வெட்டினாலும் கத்தி நுழைகிற பக்கம் வழவழப்பாக இருக்கும், வெளியே வருகிற பக்கம் பிசிறு தள்ளும். சந்தேகம் தீர என் பழைய பள்ளி பெல்ட்டை எடுத்து இரண்டு விதமாகவும் அறுத்துப் பார்த்தேன். அப்படித்தான். வேகமாக அறுக்கிறவன், நாய் செத்தாலும் சரி என்று நினைக்கிறவன், மேலிருந்து கத்தியை வைத்து அழுத்துவான். பிசிறு உள்ளே, கழுத்துப் பக்கம் இருக்கும். வெளியே பிசிறு வர வேண்டுமென்றால் பட்டைக்கும் தொண்டைக்கும் நடுவில் விரலைக் கொடுத்து, கத்தியின் முதுகைத் தன் விரல் மேல் வைத்து, கூர்ப் பக்கத்தை வெளியே பார்த்துத் திருப்பி இழுக்க வேண்டும். பயந்த நாய்க்கு அவ்வளவு பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு. அப்பாவின் இடது கை விரல்களில் ஏன் எப்போதும் பிளாஸ்திரி என்று இன்று தெரிந்தது.

அடுத்ததை உரித்தேன். நைலான். அதிலும் வெளிப்பக்கம். அடுத்ததிலும். ஒன்று கூட மாறவில்லை அக்கா. நாலாவதுக்கு மேல் சோதிப்பதற்காக உரிக்கவில்லை, எடுப்பதற்காக உரித்தேன்.

இன்னொன்று கேள். பட்டை வருகிறபோது அடியிலிருக்கும் சாக்கின் மேல் இழைகளையும் பிடுங்கிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு கழுத்திலும் வெளுத்த ஒரு வளையம் விழுகிறது, ஓரம் கிழிசலாக. வெகுநாள் கட்டியிருந்த பட்டையைக் கழற்றினால் நாய்க்கு முடி படிந்து ஒரு தடம் இருக்குமே, அதேதான். பூசி மறைக்கலாம் என்று சாயம் குழைத்து வைத்திருந்தேன். மறைக்கப் போவதில்லை. பட்டைகளோடு இருந்தபோது அவை எதையோ கண்டு ஓடின. இப்போது யாரோ அவிழ்த்து விட்டதும் ஓடுகின்றன. காலையும் தொடவில்லை, கண்ணையும் தொடவில்லை, எப்படி மாறியது என்று எனக்கே தெரியவில்லை. ஆபீசர் பார்க்கட்டும். அவர் கண்ணுக்கு அது கிழிந்த சாக்கு.

நெட்டையை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. நாளைக்கு அவள் என் பக்கத்தில் நின்று இந்தப் படத்தைப் பார்ப்பாள். "மேஜர் மாதிரியே ஒண்ணு ஓடுதுடி" என்று சொன்னாலும் சொல்வாள். நான் "அப்படியா?" என்று கேட்க வேண்டும், இமைக்காமல். அவள் உறையைப் பிரித்தாள் என்று இன்னும் சந்தேகப்படுகிறேன். பிரித்திருந்தால் நல்லது, பாதியாவது அவளுக்குத் தெரிந்திருக்குமே என்றும் இன்று முதல் முறையாகத் தோன்றுகிறது.

உன் மேலும் வருத்தம் இருக்கிறது. நீயும் அப்பாவும் சேர்ந்து ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு, என்னை இருட்டில் உட்கார்ந்து அப்பாவைக் கொலைகாரராக நினைக்க விட்டீர்கள். அடுத்த முறை முதலிலேயே சொல். எனக்கும் வாயை மூடிக்கொள்ளத் தெரியும்.

இன்னும் ஒரே ஒரு பட்டை பாக்கி. பச்சை. மணியை அசைக்காமல் உரிக்கப் பார்க்கிறேன், ஆனால் உள்ளே இறுகியிருந்த பசை டர்பன்டைனில் கரைந்துவிட்டது போலிருக்கிறது. இப்போதுதான் ஒரு தடவை கிணுங்கியது. வீடு முழுக்கக் கேட்டிருக்கும்.

நடையில் விளக்குப் போட்டார்கள். செருப்புச் சத்தம். அம்மா இல்லை, அம்மாவின் நடை இழுக்கும். கதவைத் தட்டுகிறார்கள். "சுண்டு, முழிச்சிருக்கியா? மணி அடிச்சுதே." அப்பாதான். படத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால் ஈரம் ஒட்டிக்கொள்ளும். தள்ளப் போவதில்லை. அப்படியே இருக்கட்டும், நான் எழுந்து போய்க் கதவை